பன்னிரண்டாயிரத்து முந்நூற்றொரு லிட்டர்

நாச்சியப்பன் போர்ட்டிக்சனில் ஒரு கடலோர ஹோட்டலில் பத்து நாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது அவருக்கு மூன்று கிலோ எடை கூடியிருந்தது. கூடவே ஒரு கொள்கையும் வந்திருந்தது. எடை ஒரு மாதத்தில் இறங்கிவிட்டது. கொள்கைதான் இறங்க மறுத்தது.

"கணக்கு ஒரு பாடம், அறிவியல் ஒரு பாடம், வாழ்வியல் திறன் ஒரு பாடம்னு பிரிச்சு வச்சவன் யாரு?" என்று திங்கட்கிழமை சபைகூடலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். வெயிலில் நின்றிருந்த நானூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை. "வாழ்க்கையில எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. இனிமே இந்தப் பள்ளியிலயும் ஒண்ணாத்தான் இருக்கும். ஒருங்கிணைந்த கணிதம்!"

பள்ளி பெட்டாலிங் ஜெயாவில், கம்போங் மேடானுக்குப் போகும் சாலையில் இருந்தது. நாச்சியப்பன் அதன் துணைத் தலைமையாசிரியர். தலைமையாசிரியருக்கு வரும் ஜூன் மாதத்தோடு ஓய்வு. அவருடைய நாற்காலி சுழலும் நாற்காலி, கைப்பிடி வைத்தது. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகிற நாட்களில் நாச்சியப்பன் ஏதோ கோப்பு தேடுவதுபோல் உள்ளே போய் அதில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். பதினோரு வருஷமாகத் துணை. இந்தத் தடவை விட்டால் ஓய்வு பெறும்வரை துணைதான். கல்வி அலுவலகத்தில் யாராவது தன் பெயரைக் கேட்டதும் "ஓ, அந்தப் புராஜெக்ட் செஞ்சவரா?" என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு புராஜெக்ட் வேண்டும். ஒருங்கிணைந்த கணிதத்துக்கு இதைத் தவிர வேறு அவசரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

புராஜெக்ட் என்னவென்றால், மழைநீர். மண்டபத்தின் துத்தநாகக் கூரை முப்பது மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். முந்நூறு சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் முந்நூறு லிட்டர் தண்ணீர். பிள்ளைகள் ஒரு பாட்டிலை வெட்டி மழைமானி செய்து தினமும் அளப்பார்கள்; அது அறிவியல். பெருக்கிப் பார்ப்பார்கள், அது கணிதம். கூரையிலிருந்து குழாய் போட்டுத் தொட்டியில் விடுவார்கள், அது தொழில்நுட்பம். தொட்டிக்குச் சாயம் அடிப்பார்கள். அது வாழ்வியல் திறன். யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. பத்து நாள் ஹோட்டல் சாப்பாடு வீணாகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தொட்டியைக் கொடுத்தவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் தம்புசாமி. மூன்று லோரி வைத்திருப்பவர். தெலுக் பங்லிமா காராங்கில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து மூவாயிரம் கேலன் ஃபைபர் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்து மண்டபத்தின் பக்கத்தில் இறக்கினார்.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு கேக்காதீங்க சார்," என்றார். "நாலு தடவை கழுவியாச்சு."

இந்த யோசனையில் குறை ஒன்றே ஒன்று. வருஷம் 1998.

அந்த வருஷம் வானம் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தது. அணைகளின் படம் தினமும் பத்திரிகையில் வந்தது, வெடித்த சேற்றோடு. ஏப்ரலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் என்றார்கள். பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் லோரி வரும் நேரம் பார்த்து மாடி வீட்டுக்காரர்கள் வாளியோடு கீழே நின்றார்கள். சரியாக ஏப்ரல் முதல் தேதி, நாச்சியப்பன் மழைமானியைத் திறந்துவைத்து மழை அளக்கத் தொடங்கினார்.

தொடங்கியதுதான் அவர். அளந்தது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். அவர்களுக்குக் கணக்கு டீச்சர் பெர்னடெட்.

பெர்னடெட் கிள்ளானில் ரயில்வேக் குடும்பம். தினமும் கொமுட்டர் ரயில் ஏறி வந்து, சாயங்காலம் கொமுட்டர் ஏறிப் போகிறவர். ரயில் நேரம் தவறினாலும் அவர் தவறமாட்டார் என்று பள்ளியில் சொல்வார்கள். பாராட்டாகச் சொல்வது குறைவு. ஐந்தாம் ஆண்டுக்கு வாரம் ஏழு பாடவேளை கணக்கு இருந்தது. அதில் மூன்றை நாச்சியப்பன் ஒருங்கிணைப்புக்காக எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் இதுங்களுக்கு அரசாங்கச் சோதனை," என்றார் பெர்னடெட். "பின்னத்தை எப்ப முடிக்கிறது?"

"பின்னம் வாழ்க்கையில தானா வரும் டீச்சர்."

"வாழ்க்கையில வரும். சோதனைத் தாள்ல நாமதான் வர வைக்கணும்."

"நீங்க பழைய முறையில படிச்சவங்க. உங்கமேல தப்பில்ல."

அன்றோடு இருவரும் ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசைக்காரர்கள் என்பது போய், எதிரிகள் என்றாகிவிட்டது. அவர் மின்விசிறியைக் கூட்டினால் இவர் எழுந்து குறைப்பார். இவர் சாக்குக்கட்டி கேட்டால் அவர் பதிவேட்டில் கையெழுத்து கேட்பார்.

மழைமானி விஷயத்தில் மட்டும் பெர்னடெட் தன் வேலையைச் செய்தார். ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, நாளுக்கு ஒரு பக்கம், தேதி, நேரம், அளவு, அளந்தவர் கையெழுத்து என்று கோடு போட்டுக் கொடுத்தார். சனி ஞாயிறு பள்ளி இல்லையா? காவலாளி பார்த்துச் சொல்வதைத் திங்கட்கிழமை எழுத வேண்டும். முதல் நாள் சீதாலெட்சுமி என்ற பிள்ளை பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், கோசோங்," என்றாள். எழுதினார்கள்: 0. இரண்டாம் நாள் 0. மூன்றாம் நாள் பாட்டிலில் எறும்பு இருந்தது. அதைத் தட்டிவிட்டு 0 என்று எழுதினார்கள்.

இந்த அளவுகளைப் பெரிய அட்டையில் அழகாகப் படியெடுப்பது நாச்சியப்பனின் வேலை. அவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அது அவருக்கும் தெரியும். தலைப்பில் பிள்ளையார் சுழி போட்டார். 'ஒருங்கிணைந்த கணிதம்: மழைநீர்ப் பதிவு' என்று பச்சையிலும் சிவப்பிலும் எழுதினார். முதல் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பூஜ்யத்தில் தொடங்குவதா?

அவர் வீட்டில் எந்தக் காரியமும் வெறுமையில் தொடங்கியதில்லை. கல்யாணத்தில் மொய் ஐம்பத்தொன்று, கோயிலுக்கு நூற்றொன்று, அர்ச்சனைக்குப் பதினொன்று. பூஜ்யத்தில் முடிகிற தொகையாக விட்டால் அது மொட்டை. மொட்டையே ஆகாது என்னும்போது பூஜ்யம்? அவருடைய தகப்பனார் புது வீட்டுக்கு அடிக்கல் நாட்டிய நாளில் பேரேட்டின் முதல் பக்கத்தில் ஒன்று என்று எழுதிவிட்டுத்தான் காப்பி குடித்தார். நாச்சியப்பன் ஒரு கணம் யோசித்தார். ஒரே ஒரு மில்லிமீட்டர். சுப காரியம். 1 என்று எழுதினார்.

மறுநாள் 0 போடலாமென்றால், நேற்று ஒன்று, இன்று பூஜ்யம். பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? இறங்குமுகம் என்று தோன்றாதா? அதற்கும் 1. மூன்றாம் நாள் பழக்கமாகிவிட்டது. வார விடுமுறையிலும் மழை விடுப்பு எடுக்கவில்லை. நாடு முழுவதும் மழைக்குப் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்த நாற்பது நாளும், பெட்டாலிங் ஜெயாவில் அந்த ஒரு அட்டையின்மேல் மட்டும் தினமும் ஒரு மில்லிமீட்டர் பெய்தது.

நாற்பது நாளும் முடிந்ததும் கூட்டினார். நாற்பது. மொட்டை. நாற்பத்தொன்று என்று எழுதினார். முந்நூறால் பெருக்கினார். பன்னிரண்டாயிரத்து முந்நூறு. இதுவும் மொட்டை. அடியில் சிவப்பில், பெரிதாக, இரண்டு கோடு போட்டு எழுதினார்: தொட்டியில் சேர்ந்த நீர் 12,301 லிட்டர்.

எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு விசித்திரம் நடந்தது. அவர் அதை நம்பிவிட்டார். இருபத்தாறு வருஷமாகக் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் பிள்ளைகள் நம்பிப் பார்த்தவர். எழுதியதை நம்பும் பழக்கம் எதிர்ப்பக்கத்திலிருந்து அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

பெர்னடெட் கைப்பையை மாட்டிக்கொண்டு அட்டையின் முன்னால் வந்து நின்றார். மேலிருந்து கீழே வரை படித்தார்.

"சார், இந்த ஒரு லிட்டர் எங்கேர்ந்து வந்துச்சு?"

"எந்த ஒரு லிட்டர்?"

"சரி, மத்த பன்னெண்டாயிரத்து முந்நூறும் எங்கேர்ந்து வந்துச்சு?"

"இது ஒரு மாதிரிக் கணக்கு டீச்சர். புள்ளைங்களுக்கு ஒரு உற்சாகம் வேணும். நாப்பது நாளும் கோசோங் கோசோங்னு சுவர்ல ஒட்டி வச்சா என்ன உற்சாகம் வரும்?"

"மழை பெய்யலன்னு தெரிய வரும்."

"அதை ஒட்டி வச்சாத்தான் தெரியணுமா? வீட்டுக் குழாயைத் திறந்தாலே தெரியுமே!"

"அதத்தான் நானும் சொல்றேன். போய்த் தொட்டியத் தட்டிப் பாருங்க சார்."

"டீச்சர்," என்றார் நாச்சியப்பன், மைக் பிடிக்கிற குரலில், "அடுத்தவங்க முன்னேறுறது சில பேருக்குப் பொறுக்காது."

பெர்னடெட் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அதற்கு முன் அவருக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது ஒரு திட்டமும் சேர்ந்துகொண்டது. அந்தத் திட்டத்தின் பெயர் சும்மா இருப்பது. பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டைக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, ரயிலுக்குப் போனார்.

நாச்சியப்பன் தொட்டியைத் தட்டிப் பார்க்காமல் இல்லை. மறுநாள் காலையில் யாரும் வருமுன் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார். டொம் என்றது. ஃபைபர் அப்படித்தான் சத்தம் போடும் என்று முடிவு செய்தார். ஏறிப் பார்க்க ஏணி இல்லை. குழாயைத் திறந்து பார்த்திருக்கலாம். ஆனால் குழாயில் சிவப்பு நாடா கட்டியாகிவிட்டது. திறப்பு விழா மே பதினாறாம் தேதி, ஆசிரியர் தினம், சனிக்கிழமை. கல்வி அலுவலகத்திலிருந்து கிளாரன்ஸ் என்ற அதிகாரி வந்து திறக்கப்போகிறார். அதிகாரி திறக்கிற குழாயை முன்கூட்டியே திறந்து பார்ப்பது மரியாதை ஆகுமா?

ஆகாது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதி, தொட்டியின் பக்கத்தில் கைகட்டி நின்ற படத்தோடு அனுப்பினார். வியாழக்கிழமை வந்தது. 'வறட்சியை வென்ற பள்ளி! 12,301 லிட்டர் மழைநீர்! துணைத் தலைமையாசிரியர் நாச்சியப்பனின் கணிதச் சாதனை!'

அன்று சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில், நான்காவது மாடி வீட்டில், அவர் மனைவி சிவகாமி பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். காலடியில் இரண்டு வாளி.

"என்னங்க, நாலு மாடி ஏறி எறங்கி லோரித் தண்ணி தூக்குறேன், இடுப்பு போச்சு. நீங்க அங்க பன்னெண்டாயிரம் லிட்டர் வச்சிருக்கீங்களாம். வீட்ல ஒரு வார்த்தை சொல்லல."

"அது பள்ளிக்கூடத்துத் தண்ணி சிவகாமி."

"ரெண்டு வாளி எடுத்தா கொறைஞ்சா போயிரும்? அந்த ஒரு லிட்டராவது கொண்டாங்களேன், பல்லு தேய்க்க."

"திறப்பு விழா முடியட்டும்."

"விழா முடியட்டும், விழா முடியட்டும். எங்கண்ணன் ரெண்டு தடவை போன் போட்டாரு, காரை எடுத்துக்கிட்டு வரட்டுமான்னு."

நாச்சியப்பனுக்கு அடிவயிற்றில் முதல் தடவையாக ஏதோ ஒன்று நகர்ந்தது. ஆனால் ஜூன் மாதமும் சுழலும் நாற்காலியும் நினைவுக்கு வரவே, அது பசி என்று நினைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் எண்பது பேர் நின்றார்கள். அழைப்பிதழ் கொடுத்தது முப்பது பேருக்கு. மீதி ஐம்பது பேரும் கையில் வாளி, தண்ணீர் பிடிக்கும் டோங், சாயம் இருந்த டின், குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று வைத்திருந்தார்கள். மலிவு விலை மாடி வீடுகளிலிருந்தும் பலகை வீட்டு வரிசையிலிருந்தும் வந்தவர்கள். முன்னால் நின்றவர் இராஜம்மா, பக்கத்துத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு உடுப்புகூட மாற்றாமல் வந்திருந்தார்.

"என்னா இது கூட்டம்?" என்றார் தம்புசாமி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"பேப்பர்ல பார்த்தோம் அண்ணே. எங்க ப்ளோக்ல அஞ்சு நாளா சொட்டுத் தண்ணி இல்ல. ஆளுக்கு ரெண்டு வாளி, போதும்லா. சண்டை போட மாட்டோம்."

தம்புசாமி நாச்சியப்பனைப் பார்த்தார். நாச்சியப்பன் வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு நாளாக இல்லாததுதான்.

கிளாரன்ஸ் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. மாலையை வாங்கித் தன் ஓட்டுநரிடம் கொடுத்தார். ஒருங்கிணைந்த கணிதம் பற்றி நாச்சியப்பன் இருபத்தொரு நிமிஷம் பேசியதைக் கண் இமைக்காமல் கேட்டார். பிறகு கத்தரிக்கோலை வாங்கி நாடாவை வெட்டி, குழாயைத் திருகினார்.

முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. நீளமான, சூடான பெருமூச்சு, எங்கோ நெடுந்தூரம் நடந்து வந்தவன் விடுவதுபோல. பிறகு கொஞ்சம் தூசி. அப்புறம் குழாய் வாயில் ஒரு பல்லி தலையை நீட்டி, எண்பது பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தரையில் விழுந்து ஓடியது.

"சார்," என்றார் இராஜம்மா, "அந்தப் பல்லி எத்தனை லிட்டரு?"

சிரிப்புதான் முதலில் வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. பின்னாலிருந்து ஒரு வாளி தரையில் டங்கென்று விழுந்தது. விழவில்லை, யாரோ போட்டார்கள். "ராத்திரி வேலை முடிச்சி தூங்காம வந்து நிக்கிறோம்!" "பேப்பர்ல போட்டோ வேற!" "வாத்தியாரு வீட்டுக்கு லோரியில போயிருச்சா தண்ணி?" தம்புசாமி, "ஏய், தொட்டி நான் கொடுத்தது, தொட்டியில ஓட்டை கெடையாது!" என்று தன் பங்கைத் தனியே பிரித்துக்கொண்டார்.

கிளாரன்ஸ் குழாயை மூடினார். அட்டையின் முன்னால் போய் நின்றார். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"கூரை முந்நூறு சதுர மீட்டர். சரி. ஒரு மில்லிமீட்டருக்கு முந்நூறு லிட்டர். அதுவும் சரி." பேனா கீழே இறங்கியது. "நாப்பது நாள், நாளுக்கு ஒண்ணு. கூட்டினா எப்படி நாப்பத்தொண்ணு?"

நாச்சியப்பனின் உதடு அசைந்தது. "அது... மொட்டையா விட வேணாமேன்னு..."

"முந்நூறால பெருக்கினா பன்னெண்டாயிரத்து முந்நூறு. இங்க முந்நூத்தி ஒண்ணு."

"அதுவும் அதேதான் துவான்," என்றார், அதிகாரிகளை அழைக்கிற மலாய் மரியாதையோடு.

"அப்ப இந்த நாப்பது ஒண்ணும்?"

இராஜம்மா சொன்னார்: "சார், எங்க வீட்டுப் பக்கம் மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சு. இவரு மேல மட்டும் பேஞ்சிருக்கு."

அப்போதுதான் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. பெர்னடெட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாற்பது பக்க நோட்டை நீட்டினார். கிளாரன்ஸ் முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், பிறகு கட்டைவிரலால் எல்லாப் பக்கத்தையும் சரசரவென்று ஓட்டினார். நாற்பது பூஜ்யம். நாற்பது கையெழுத்து, பென்சிலில், கோணல்மாணலாக. ஒரு பக்கத்தில் 'எறும்பு 6' என்றும் இருந்தது.

"இது யாரு எழுதினது?"

"ஐந்தாம் ஆண்டுப் புள்ளைங்க."

"இந்த அட்டைய நீங்க முன்னாடியே பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன் துவான்."

"சொல்லலையா?"

"சொன்னேன். ஒரு தடவை."

"புள்ளைங்களுக்கும் ஒரு தடவைதான் சொல்லிக் கொடுப்பீங்களா?"

பெர்னடெட்டின் முகம் சிவந்தது. அந்தக் காலையில் நாச்சியப்பனுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

கிளாரன்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாச்சியப்பன் அவமானப்பட்டவராகி, இரண்டு பேர் அனுதாபமாவது கிடைத்திருக்கும். அவர் நாச்சியப்பனை மண்டபத்து ஓரமாக அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். திட்டம் நல்ல திட்டம். கூரை, குழாய், தொட்டி, கணக்கு எல்லாம் சரி. இந்தக் கூரையில் மழையே இல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்பதும் ஒரு முடிவுதான். அதை மறைக்க ஒன்றுமில்லை. "திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள, புள்ளைங்க நோட்ல இருக்கிறத அப்படியே, உங்க கையால திரும்ப எழுதி அனுப்புங்க. கணக்கு டீச்சர் கையெழுத்தோட. மாநிலப் போட்டிக்கு அனுப்பிடறேன். ஜூன்ல அந்தப் பதவிக்கு ஃபைல் பார்க்கும்போது அது மேல இருக்கும். இந்த அட்டை இருக்காது."

போகிற வழியில் தன் காரிலிருந்த இரண்டு பாட்டில் தண்ணீரை இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தப் பள்ளியில் கிடைத்த மொத்தத் தண்ணீர் மூன்று லிட்டர்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நாச்சியப்பன் சாப்பாட்டு மேசையில் புதிய அட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளையார் சுழி போட்டார். முதல் கட்டத்தில் பேனாவை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"என்னங்க, கையெழுத்துப் போடத் தெரியாதவங்க மாதிரி?" என்றார் சிவகாமி, லோரிக்கு வாளி கழுவிக்கொண்டே.

0 போட்டார். வியர்த்தது. இரண்டாவது 0. ஐந்தாவதில் பேனா மூடியைக் கடித்தார். பத்தாவதில் ஒரு வேகம் வந்துவிட்டது. அழகான கையெழுத்து, பூஜ்யங்கள் முட்டை முட்டையாக ஒரே அளவில் இறங்கின. நாற்பதாவது பூஜ்யத்தை முடித்து நிமிர்ந்தபோது அவருக்குத் தன்மேலேயே மதிப்பு வந்தது. இந்த வயதில், இந்தப் பதவிக்கு, இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறேன். இனிமேல் யார் என்ன சொல்ல முடியும்?

கூட்டுத்தொகைக் கட்டம் மிச்சம் இருந்தது.

அவர் கை அந்தக் கட்டத்துக்கு எப்படி வந்தது, என்ன எழுதியது என்று பிற்பாடு அவரால் சொல்ல முடியவில்லை. நாற்பது நாள் நோன்பிருந்தவன் கடைசி நாள் சமையலறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியதுபோல இருந்தது. அட்டையைச் சுருட்டி ரப்பர் போட்டார். நிம்மதியாக ஒரு குட்டித் தூக்கம் போட்டார்.

திங்கட்கிழமை பெர்னடெட் அதைத் தன் மேசையில் விரித்தார். நாற்பது பூஜ்யத்தையும் ஆள்காட்டி விரலால் தொட்டு எண்ணினார். விரல் கீழே வந்தது. கூட்டுத்தொகை: 1. அதற்கும் கீழே: 301 லிட்டர்.

வெகு நேரம் அந்த இடத்திலேயே விரல் இருந்தது. நாச்சியப்பன் எதிர் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பார்த்துட்டீங்களா சார்?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை," என்றார் பெர்னடெட்.

கிளாரன்ஸ் சனிக்கிழமை சொன்ன வார்த்தை அவருக்கு மறக்கவில்லை. ஒரு தடவைதானா? இன்னொரு தடவை சொல்ல வாய் திறந்தார் என்றுதான் பள்ளியில் நினைக்கிறார்கள்.

"என்ன டீச்சர், இதுலயும் குத்தம் கண்டுபிடிக்கப் போறீங்களா?" என்றார் நாச்சியப்பன். "கையெழுத்துப் போடுறதுக்குக்கூட கை கூசுதா?"

வாய் மூடிக்கொண்டது. அட்டையோடு அனுப்பும் படிவத்தில் கணக்கு ஆசிரியருக்கு இரண்டு கட்டம் இருந்தன: ஒன்று 'பெற்றுக்கொண்டேன்', இன்னொன்று 'சரிபார்த்தேன்'. முதல் கட்டத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைக் காலியாக விட்டார். உறையில் போட்டு, ஒட்டி, தானே அலுவலகக் கூடையில் கொண்டுபோய் வைத்தார்.

கல்வி அலுவலகத்திலிருந்து பதில் ஒரே ஒரு வரியில் வந்தது. நாற்பது பூஜ்யங்களின் கூட்டுத்தொகை ஒன்று ஆவது எப்படி என்று விளக்கம் எழுத வேண்டும். நாச்சியப்பன் நான்கு பக்கம் எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை.

ஜூலை முதல் தேதி அழகம்மை என்ற புதிய தலைமையாசிரியை கோலசிலாங்கூரிலிருந்து மாற்றலாகி வந்து சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் உத்தரவு, ஐந்தாம் ஆண்டுக்கு வாரம் ஏழு பாடவேளை கணக்கு. ஒன்றை வேண்டுமானால் மழைமானிக்கு எடுத்துக்கொள்ளலாம், பெர்னடெட் நடத்தட்டும். இரண்டாவது, தொட்டி. மண்டபத்துக்கு வெளிச்சத்தை மறைக்கிறதாம். தம்புசாமி லோரியைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார். தெலுக் பங்லிமா காராங்கில் யாரோ மீன் வளர்க்கக் கேட்டிருந்தார்கள்.

தொட்டி போன மறுநாள் மழை பெய்தது.

சாதாரண மழை இல்லை. காலையில் மூன்றாம் பாடவேளையில் வானம் கறுத்து, கூரைச் சத்தத்தில் பேச்சே கேட்காத அளவுக்கு ஒரு மணி நேரம் கொட்டியது. மண்டபத்துக் கூரையிலிருந்து இறங்கிய குழாய், தொட்டி இருந்த இடத்தில் தரையில் கொட்டி, பூச்செடிகளை அடித்துக்கொண்டு திடலில் ஆறாக ஓடியது. பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக் கூச்சல் போட்டார்கள். ஆசிரியர்கள் வாளி வாளியாகப் பிடித்தார்கள்.

மழை விட்டதும் நாச்சியப்பன்தான் முதலில் திடலுக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. காலணி சேற்றில் புதைய, மழைமானிப் பாட்டிலைக் கழற்றி, மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பெர்னடெட் பிள்ளைகளோடு புது நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"எவ்வளவு சார்?"

நாச்சியப்பன் மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சீதாலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணுதான்! டீச்சர், நீங்களே வந்து பாருங்க!"

பெர்னடெட் குனிந்து பார்த்தார். தண்ணீர் முப்பதுக்கு மேலே, சரியாக முப்பத்தொன்றின் கோட்டைத் தொட்டுக்கொண்டு, அசையாமல் நின்றது.

நிமிர்ந்தார். நாச்சியப்பன் சொன்ன அந்த ஒன்றை இனி யார் நம்பப்போகிறார்கள்? நோட்டைத் திறந்தார். தேதி, நேரம் போட்டார்.

"முப்பது," என்று சொல்லி எழுதினார். "அளந்தவர் கையெழுத்து யாரு போடுறது?"